பின், இல்வழி, உம்: மணவிலக்கின் பிற்பட்ட நிலையில் தாயின் காப்பாளர் உரிமை

மகவை ஈன்று வளர்ப்பவள் தாய் என்பது உலகறிந்த செய்தி. ஆயினும் அம்மகவின் பெயரால் ஓர் ஆவணத்தில் ஒப்பமிடும் உரிமை அவட்கு உண்டோ என்னும் வினா எழுந்தவிடத்து, நம் நாட்டுச் சட்டம் நெடுங்காலம் தயங்கி நின்றது. அத்தயக்கத்திற்கு ஏதுவாய் அமைந்தது ஒரு சிறு சொல். 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தில், 'தந்தை, அவருக்குப் பின்னர்த் தாய்' எனப் பொருள்படும் தொடர் ஒன்று உளது. அத்தொடரிலுள்ள 'பின்னர்' என்பதன் பொருள் யாது என்னும் ஆராய்ச்சி, உச்ச நீதிமன்றம் வரை சென்று 1999ஆம் ஆண்டிலேயே ஒருவாறு முடிவுற்றது. சொல்லாராய்ச்சியும் சட்டவாராய்ச்சியும் ஒரு புள்ளியில் வந்து கூடும் இடம் இது. ஆதலின் தமிழ் பயில்வார் இதனைக் கருதிப் பார்த்தல் தகும். திருவண்ணாமலையை அடுத்த அடி அண்ணாமலையிலோ, தமிழகத்தின் வேறு எவ்வூரிலோ, கணவனைப் பிரிந்து மகவோடு வாழும் ஒருத்தியின் நாள்வாழ்க்கையை இச்சொல் எவ்வாறு தொடுகின்றது என்பதனை முறையே ஆராய்வாம்.

1. இருவகை உரிமைகள்

முதற்கண் இரு கருத்துகளை வேறுபடுத்திக் கொள்ளுதல் வேண்டும். குழந்தையைத் தன்பால் வைத்து, உண்பித்து, உடுத்து, பள்ளிக்கு விடுத்து வளர்க்கும் பொறுப்பு ஒன்று. இதனை 'வளர்ப்புப் பொறுப்பு' எனக் கூறுவாம். இளவராகிய குழந்தையின் சார்பில் சட்டத்தின்முன் நின்று, அதன் உடலுக்கும் உடைமைக்கும் உரிய முடிவுகளை எடுக்கும் உரிமை மற்றொன்று. இஃது 'காப்பாளர் உரிமை' ஆகும். நீதிமன்றம் அமர்த்தாமலே உறவு முறையால் இவ்வுரிமை எய்துபவரைச் சட்டம் 'இயற்கைக் காப்பாளர்' என வழங்கும்.

மணம் நிலைபெற்றுள்ள இல்லத்தில் இவ்விரண்டும் ஒன்றாய்க் கலந்து கிடத்தலின் வேறுபாடு தோன்றுவதில்லை. மணமுறிவு நேர்ந்த பின்னரே இரண்டும் இரு கூறாய்ப் பிரிந்து நிற்கும். குழந்தை தாயின் மடியில் இருக்கும். அதன் பெயரால் இடும் ஒப்பமோ தந்தைக்கு உரியதாய் நிற்கும்.

அகப்பொருள் இலக்கணம் பயின்றார்க்கு இந்நிலை செவிலியை நினைப்பூட்டும். தலைவியை வளர்த்தவள் செவிலி. எனினும் அறத்தொடு நிற்றற்கண், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தை தன்னையர்க்கும் உணர்த்துதலே முறை. வளர்த்தவளது சொல் படிப்படியாகச் சென்று ஆடவரிடத்தே முடிவு பெறும். மணவிலக்குப் பெற்ற தாயைப் பழைய சட்ட வழக்கு ஏறக்குறையச் செவிலியின் நிலையிலேயே நிறுத்திற்று எனலாம். அவள் ஈன்றவளாயிருந்தும், வளர்ப்பு அவளிடத்தும் முடிபு பிறரிடத்துமாக இருந்தன.

2. இலக்கியத்துள் ஊடலும் புதல்வனும்

நம் அகவிலக்கியம் பிரிவினைப் பலபடப் பேசும். ஆயினும் அப்பிரிவுகள் கூடலை நோக்கியன. மருதத்திணையின் ஊடல், வாயில்களால் தணிந்து கூடலில் முடிதலே மரபு. திருவண்ணாமலையில் தைத் திங்கள் 2ஆம் நாள் நிகழும் திருவூடல் விழா இம்மரபினைக் கோயில் வழக்காக இன்றும் காத்து நிற்கின்றது. அம்மை ஊடித் தனியே கோயிலுக்குத் திரும்புவதும், இறைவன் மலைவலம் வரும் வழியில் அடி அண்ணாமலையைக் கடந்து மீண்டு அம்மையொடு கூடுவதும் அவ்விழாவின் நிகழ்ச்சிகள். ஆங்கு ஊடல் ஓரிரவிற்கு மேல் நீள்வதில்லை.

1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டமும் ஏறக்குறைய இம்மரபினையே ஒத்துச் செல்கின்றது. அதன் 9ஆம் பிரிவு, வழக்கினைத் தொடர்தற்குமுன் இருவரையும் இணக்குவிக்க முயலும் கடமையை நீதிமன்றத்தின் மீது சுமத்துகின்றது. அறிவுரை கூறுவார் அங்கு வாயில்களாய் நிற்பர். ஆனால் வாயில் நேர்தலும் மறுத்தலும் தலைவியின் உரிமை என்பதனை நம் இலக்கியம் மறந்ததில்லை. இணக்கம் கைகூடாதவிடத்து யாது செய்வது என்பதே சட்டத்தின் வினா.

மருதப்பாடல்களில் புதல்வனுக்குரிய இடம் ஈண்டுக் கருதத்தக்கது. தலைவன் பரத்தையிற் பிரிந்து மீளுங்கால், புதல்வனே வாயிலாகின்றான். மகனைத் தூக்கிக்கொண்டு இல்லினுள் புகும் தலைவனை அப்பாடல்களில் காண்கின்றோம். அகநானூற்றின் 16ஆம் பாட்டில், தெருவில் நின்ற புதல்வனைப் பரத்தை எடுத்துத் தழுவக் கண்ட தலைவி, அவளும் அச்சிறுவனுக்குத் தாயே எனத் தான் கூறியதைத் தலைவனிடம் எடுத்துரைக்கின்றாள். இவற்றிலெல்லாம் புதல்வன் தாயின் பக்கத்தவன். தந்தையே அவன் வழியாக இல்லத்துள் இடம் தேடுகின்றான். சட்டத்தில் இவ்வமைப்புத் தலைகீழாய் மாறிற்று. மகவினைக் கையிற்கொண்ட தாய், அதன்பொருட்டு ஓர் ஒப்பம் வேண்டித் தந்தையின் வாயிலில் நிற்கலாயினாள்.

மீளாப் பிரிவுக்குச் சான்று தேடுவார் புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள பாடல்களை நோக்குவர். பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்தவழி, கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்னும் புலவர்கள் அவள் பொருட்டு அவனை இரந்து பாடினர். ஆயின் அவளுக்கு உரிமை எனப்படுவது யாது என அப்பாடல்களில் பேச்சில்லை. அருள் வேண்டலே உண்டு. மகவு பற்றியும் அவை குறிப்பதில்லை.

தாயின் கடமைக்கு யாவரும் எடுத்துக்காட்டுவது பொன்முடியாரின் புறநானூற்று 312ஆம் பாட்டாகும். ஈன்று வளர்த்தலைத் தாய்க்கும், சான்றோனாக்குதலைத் தந்தைக்கும் அது வகுத்துரைக்கின்றது. இப்பாட்டினைக் காட்டித் தாய்க்கு வளர்ப்பும் தந்தைக்கு ஆட்சியும் உரியன என வாதிடுவார் உளர். அவ்வாதம் பொருந்தாது. அப்பாட்டு முழுதும் கூறுவது 'கடன்'. உரிமையினை அஃது எவர்க்கும் பங்கிடவில்லை. கடனாற்றாத ஒருவன் அக்கடன் பற்றிய பாட்டினைத் தன் உரிமைக்குச் சான்றாக்குதல் எங்ஙனம் இயையும்?

3. ஆங்கில வழக்கும் சென்னை வழக்கும்

தந்தையே முதற் காப்பாளர் என்னும் கொள்கைக்கு இந்து சட்ட மரபும் ஆங்கிலப் பொதுச் சட்டமும் ஒருங்கே துணை நின்றன. இங்கிலாந்தில் 1839ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின்னரே, பிரிந்து வாழும் தாய் 7 வயதிற்குட்பட்ட தன் மகவின் வளர்ப்புப் பொறுப்பினை வேண்டி நீதிமன்றத்தை அணுக இயன்றது. தாய்க்கும் தந்தைக்கும் ஒத்த உரிமையினை அந்நாடு 1973ஆம் ஆண்டிலேயே முழுமையாக வழங்கிற்று.

இவ்விரு நாட்டு வரலாறும் ஒரு பெண்மணியின் வாழ்வில் வந்து கூடுகின்றன. அவர் அன்னி பெசன்ட் அம்மையார். 1873ஆம் ஆண்டில் அவர் தம் கணவரைப் பிரிந்தார். மகன் தந்தையிடத்தும் மகள் தாயிடத்தும் இருக்குமாறு உடன்படிக்கை எழுதப்பட்டது. ஆயினும் 1878ஆம் ஆண்டில், அம்மையாரின் சமய மறுப்பும் குடும்பக் கட்டுப்பாடு பற்றிய நூலினை வெளியிட்ட செயலும் காரணமாக, இலண்டன் நீதிமன்றம் மகளையும் அவரிடமிருந்து பிரித்துத் தந்தைக்கு அளித்தது. வளர்ந்து உரிய வயதெய்திய பின்னர் மக்கள் இருவரும் தாயையே நாடி வந்தனர் என்பது வரலாறு.

ஏறத்தாழ 35 ஆண்டுகள் கழித்து அதே அம்மையார் சென்னையில் மற்றொரு வழக்கில் நின்றார். தாயை இழந்த ஜே. கிருஷ்ணமூர்த்தியையும் அவர் தம்பி நித்தியானந்தரையும் அவர்தம் தந்தை நாராயணையா 1910ஆம் ஆண்டில் அம்மையாரின் காப்பில் ஒப்படைத்திருந்தார். பின்னர் அவர்களை மீட்க 1912ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தார். சென்னை உயர் நீதிமன்றம் 1913ஆம் ஆண்டில் தந்தைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1914ஆம் ஆண்டில் இலண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பினை நீக்கிற்று. சிறுவர் அப்போது இங்கிலாந்தில் இருந்தமையால், செங்கற்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கிற்கு அதிகார எல்லை இல்லை என்பது அதன் முடிபு.

இவ்வழக்கு மணவிலக்கு வழக்கன்று. எனினும் இதனின்று இரண்டு கொள்கைகள் பிற்கால வழக்குகளுக்குக் கிடைத்தன. காப்பாளர் தகுதி ஒரு நம்பிக்கைப் பொறுப்பு ஆகலின், தந்தை தம் வாழ்நாளில் அதனை மீட்க இயலாதவாறு பிறர்க்குக் கையளித்தல் ஆகாது என்பது ஒன்று. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டப்படி, இளவர் வழக்கமாக வாழும் இடத்தைக் கொண்டே நீதிமன்றம் துணியப்படும் என்பது மற்றொன்று. குழந்தை தாயுடன் அடி அண்ணாமலையில் வழக்கமாக வாழ்ந்து வருமாயின், தந்தை எந்நகரில் வாழ்ந்தாலும், அக்குழந்தையின் உடல்பற்றிய காப்பாளர் வழக்கு அவ்விடத்திற்குரிய மாவட்ட நீதிமன்ற எல்லைக்குள்ளேயே வருதல் வேண்டும். எளிய தாயொருத்திக்கு இவ்விதி சிறிய உதவி அன்று.

4. 1956ஆம் ஆண்டின் இரு சட்டங்கள்

நாடு விடுதலை பெற்ற பின்னர்ச் சென்னை மாகாணம் 1949ஆம் ஆண்டிலேயே இருதார மணத்தடையும் மணவிலக்கும் பற்றிய சட்டம் ஒன்றினை இயற்றிக்கொண்டது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் நாடு முழுமைக்கும் மணவிலக்கினை விதித்தது. ஊர்ப் பெரியோர் முன்னிலையில் தீர்த்துக்கொள்ளுதல், அறுத்துக் கட்டுதல் முதலாய வழக்காற்று மணவிலக்குகளை அச்சட்டத்தின் 29ஆம் பிரிவு, வழக்காறு மெய்ப்பிக்கப்படுமிடத்து, ஏற்றுக்கொள்ளுகின்றது. ஆயினும் ஊரார் எழுதிய தீர்வுத்தாள் குழந்தையின் எதிர்காலத்தை முடிவாகக் கட்டுப்படுத்தாது. குழந்தையின் நலனை ஆராய்ந்து வேறு ஆணையிடும் அதிகாரம் நீதிமன்றத்திற்கு என்றும் உண்டு.

1956ஆம் ஆண்டில் இரு சட்டங்கள் பிறந்தன. அவற்றுள் ஒன்றாகிய மகவேற்பு மற்றும் வாழ்க்கைப்பொருள் சட்டத்தின் 20ஆம் பிரிவு, மக்களைப் பேணும் கடமையைத் தந்தை தாய் இருவர்மீதும் வேறுபாடின்றிச் சுமத்துகின்றது. மற்றொன்றாகிய காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவோ, இயற்கைக் காப்பாளரைக் கூறுங்கால் தந்தையை முன்னும் தாயைப் பின்னும் நிறுத்துகின்றது. ஒரே ஆண்டில், ஒரே மன்றத்தில் தோன்றிய இரு சட்டங்களுள், கடனில் சமனும் உரிமையில் வரிசையும் அமைந்தமை வியப்பிற்குரியது.

அப்பிரிவில் தாய்க்குச் சார்பான கூறுகளும் உள. 5 வயது நிரம்பாத குழந்தையின் வளர்ப்புப் பொறுப்பு இயல்பாகத் தாய்க்கே உரியது. திருமண உறவின்றிப் பிறந்த மகவிற்குத் தாயே முதற் காப்பாளர். இந்து சமயத்தினின்று நீங்கியவரும், உலக வாழ்வை முற்றத் துறந்து துறவு மேற்கொண்டவரும் இயற்கைக் காப்பாளராதல் இயலாது. துறவியர் நாடிவரும் திருவண்ணாமலையில் இவ்விதியை நினைத்தல் பொருத்தமே. இல்லறத்தை முற்றத் துறந்து மலையடி சேர்ந்த ஒருவன், தன் மகவின்மீது சட்டம் தந்த முதலிடத்தையும் துறந்தவனே ஆவான். இவையெல்லாவற்றிற்கும் மேலாக 13ஆம் பிரிவு, இளவரின் நலனே தலைமையாகக் கருதத்தக்கது என விதிக்கின்றது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற ரோசி ஜேக்கப் வழக்கில் (1973), மக்கள் பெற்றோரின் உடைமைப் பொருள் அல்லர் என்னும் கருத்தினை உச்ச நீதிமன்றம் தெளிவுற மொழிந்தது.

5. 'பின்' என்னும் சொல்

இனிச் சொல்லாராய்ச்சிக்கு வருவாம். தொல்காப்பியர் 'பின்' என்பதனை இருவேறு இடங்களில் வைத்துள்ளார். வேற்றுமையியலில் ஏழாம் வேற்றுமைக்குரிய இடப்பொருள்களுள் ஒன்றாக அஃது எண்ணப்படும். வினையியலில் காலங்காட்டும் எச்சச் சொற்களுள் ஒன்றாக வரும். ஆகவே இடமும் காலமும் அதன் இரு பொருள்கள். பெரிய கோயில் அண்ணாமலையின் கிழக்கடியிலும், அடி அண்ணாமலை அதன் மேற்குப் பக்கத்திலும் உள்ளன. கோயில் வீதியில் நிற்பவன் அடி அண்ணாமலையை 'மலைக்குப் பின்னே உள்ளது' என்பான். அடி அண்ணாமலையில் நிற்பவனுக்கோ கோயிலே மலைக்குப் பின்னது. இடப்பொருளில் வரும் 'பின்' உயர்வு தாழ்வினைக் குறிப்பதில்லை என்பதற்கு இது போதிய சான்று.

ஆனால் ஆட்பெயரோடு நான்காம் வேற்றுமை உருபு பெற்று 'அவருக்குப் பின்' என வருங்கால், தமிழ் வழக்கில் பெரும்பாலும் 'அவர் மறைவிற்குப் பின்' என்னும் பொருளே தோன்றும். சட்டத்தின் ஆங்கிலச் சொல்லையும் இப்பொருளிலேயே அலுவலகங்கள் கொண்டு வந்தன. தந்தை உயிரோடிருக்கும்வரை தாய் காப்பாளராகாள் என்பது அவற்றின் துணிபு. அதனாலேயே, மகவினைப் பல்லாண்டு தனியே வளர்த்தவளிடமும், பிரிந்து சென்ற கணவனின் ஒப்பம் கேட்கப்பட்டது.

இப்பொருள்கோள் எல்லா வழக்கினும் பொருந்தாமையை உச்ச நீதிமன்றம் முன்பே உணர்ந்திருந்தது. ஜிஜாபாய் வழக்கில் (1970), தந்தை இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிரிந்து, மகள்பால் கருத்தின்றி வாழ்ந்தமையால், அவர் உயிரோடிருந்தும் தாயே இயற்கைக் காப்பாளராகக் கருதப்பட்டார்.

வினாவினை முழுமையாக எழுப்பியவர் கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன். தம் இளமகன் பெயரில் 20,000 ரூபாய்க்கு ரிசர்வ் வங்கியின் பத்திரம் பெற, கணவரின் உடன்பாட்டுடன் தாமே காப்பாளராக ஒப்பமிட்டார். தந்தையின் ஒப்பமோ, தாயைக் காப்பாளராக ஏற்கும் சான்றோ வேண்டும் என வங்கி விண்ணப்பத்தைத் திருப்பிற்று. அவர்தம் வழக்கோடு, மணவிலக்கு வழக்கு நடந்துகொண்டிருந்த நிலையில் அறிவியலாளர் வந்தனா சிவா தொடுத்த வழக்கும் சேர்த்து ஆராயப்பட்டது. 1999ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள், தலைமை நீதிபதி ஏ. எஸ். ஆனந்த், நீதிபதிகள் எம். சீனிவாசன், யு. சி. பானர்ஜி ஆகியோர் அடங்கிய ஆயம் தீர்ப்பு வழங்கிற்று.

அத்தீர்ப்பின்படி 'பின்னர்' என்பதற்கு 'வாழ்நாளுக்குப் பின்னர்' எனப் பொருள் கோடல் வேண்டுவதில்லை; 'இல்லாதவிடத்து' எனக் கொள்ளலாம். தந்தை மகவின்பால் முற்றும் கருத்தின்றி இருத்தல், இருவர் உடன்பாட்டால் தாயே தனிப் பொறுப்பேற்றிருத்தல், வேற்றிடத்து வாழ்தலாலோ பிணியாலோ தந்தை மகவினைப் பேண இயலாதிருத்தல் ஆகிய இவையெல்லாம் அவர் 'இல்லாத' நிலைகளே. இதனைத் தமிழில் கூறின் 'இல்வழி' எனலாம். வினையியலில் 'பின்' நின்ற அந்நூற்பாவிலேயே 'வழி' என்பதும் உடன் நிற்றல் நினைக்கத்தக்கது. நீதிமன்றம் செய்தது, ஒரே இனத்துச் சொற்களுள் 'பின்' என்பதனை விடுத்து 'வழி' என்பதன் பொருளைத் தேர்ந்துகொண்டதே எனின் மிகையாகாது.

6. இன்றைய நிலையும் எஞ்சிய குறையும்

இத்தீர்ப்பு தாய்க்குப் பெருந்துணை என்பதில் ஐயமில்லை. ஆயினும் 'இல்வழி' என்பதும் ஒருவகை வரிசையே. தந்தை 'இல்லை' என மெய்ப்பிக்கும் சுமை தாயின் மேலதாகின்றது. மணவிலக்குப் பெற்றும், ஆண்டுக்கொருமுறை வந்து மகவினைக் கண்டு செல்லும் தந்தை 'இல்லாதவர்' ஆவரோ? திங்கள்தோறும் சிறுதொகை விடுத்து வேறு தொடர்பற்று வாழ்பவர் எவ்வகையினர்? தாய் தான் பல்லாண்டு ஆற்றிய கடனைக் காட்டி உரிமை பெறுதல் இயலாது. தந்தை கடன் தவறியதைக் காட்டியே பெறுதல் வேண்டும். இது குடும்பப் பகையை வளர்க்குமன்றித் தணிக்காது.

அண்மைக்கால மாற்றங்கள் சில குறிக்கத்தக்கன. 2010ஆம் ஆண்டின் திருத்தம், 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவில் தந்தைக்கு மட்டுமே இருந்த இடத்தில் தாயையும் சேர்த்தது. 2015ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், மணமாகாத கிறித்தவத் தாயொருவர், தந்தையின் பெயரை வெளியிடாமலும் அவருக்கு அறிவிப்பு அனுப்பாமலும் காப்பாளராதல் கூடும் எனத் தீர்ப்பளித்தது. வாழ்க்கைப்பொருள் குறித்து ரஜ்னேஷ் வழக்கில் (2020) வகுத்த நெறிகளின்படி, விண்ணப்பித்த நாள் முதலே தொகை வழங்கப்படுதல் வேண்டும். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு வழங்கிவந்த காப்பு, 2024 சூலை முதல் புதிய சட்டத்தின் 144ஆம் பிரிவாக நிற்கின்றது. வழக்கு நடத்தப் பொருளில்லாத தாய் தளர வேண்டுவதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருவாய் எவ்வளவாயினும், பெண்டிரும் சிறாரும் இலவசச் சட்ட உதவி பெறும் தகுதியுடையர்.

திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவும் மறக்கத்தகாதது. மக்களின் வளர்ப்பு, கல்வி, செலவு ஆகியவை பற்றி, இயன்றவரை அவர்தம் விருப்பத்திற்கு இயைய, மணவிலக்கு வழக்கிலேயே நீதிமன்றம் ஆணையிடலாம். தீர்ப்பிற்குப் பின்னும் அவ்வாணையை மாற்றலாம். ஆகலின் முறிவது கணவன் மனைவி என்னும் உறவே. தாய் என்னும் முறையும் தந்தை என்னும் முறையும் முறிவதில்லை.

7. முடிபு

'பின்' என்பதனை 'இல்வழி' எனக் கொண்டது உரையாசிரியர் செயல் போன்றது. மூலம் குறையுடைத்தாயின் உரை எத்துணை நேரிதாயினும் குறை முற்றும் நீங்காது. சட்ட ஆணையம் தன் 133ஆம் அறிக்கையில் (1989) இவ்வேற்றுமையை நீக்குமாறு பரிந்துரைத்தது. 257ஆம் அறிக்கையிலும் (2015), தந்தை தாய் இருவரையும் ஒருங்கே இயற்கைக் காப்பாளராகக் கொள்ளுமாறு கூறிற்று. ஆயினும் 1956ஆம் ஆண்டுத் தொடர் இன்னும் மாறாதிருக்கின்றது.

மாற்றம் வேண்டுவார் புதிதாகப் பல சொற்களைத் தேடி அலைய வேண்டுவதில்லை. தொல்காப்பியர் உம்மைக்கு எட்டுப் பொருள் வகுத்துள்ளார். அவற்றுள் எண்ணும்மை, எண்ணப்படுவனவற்றை ஏற்றத்தாழ்வின்றி ஒரு நிகராக நிறுத்துவது. 'தந்தை, அவருக்குப் பின்னர்த் தாய்' என்னும் தொடர், 'தந்தையும் தாயும்' என எண்ணும்மை பெறுமாயின், கடனில் 1956ஆம் ஆண்டே வந்த சமன்மை உரிமையிலும் வந்து நிறையும். அப்போது மகவினைக் கையிற்கொண்ட தாயிடம், 'தந்தை எங்கே?' என்னும் வினாவிற்கு மாறாக, 'இம்மகவிற்கு நலம் யாது?' என்னும் வினாவே அலுவலகங்களில் கேட்கப்படும்.